ஓவிய ஊடகத்தை மாற்றிக்கொண்டே இருப்பது நிலையின்மையா? கோத்தகிரி வாசகிக்கு ஓர் ஓவிய ஆசிரியரின் பதில்

கோத்தகிரிக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகிக்கு வயது 36. தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் பசுந்தேயிலை வரவுக் கணக்கு எழுதுகிறார். கணவர் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். பத்தாம் வகுப்புவரை பள்ளி ஓவிய ஆசிரியரிடம் கற்றதைத் தவிர வேறு பயிற்சி இல்லை. பென்சிலில் தொடங்கியவர், திருமணத்துக்குப் பிறகு வாட்டர் கலருக்கும், ஊரடங்குக் காலத்தில் அக்ரிலிக்குக்கும், அதன்பின் சாஃப்ட் பேஸ்டல் என்னும் வண்ணக்குச்சிகளுக்கும் மாறி, கடந்த ஓராண்டாக ஆயில் பெயின்டில் வரைகிறார். “பத்து வருஷமாப் பொருளைத்தான் மாத்துறே, எதுலயும் நிக்கல” என்று கணவரின் அண்ணன் சொன்னது அவரைச் சுட்டிருக்கிறது. கண்காட்சி ஒன்றுக்குப் படங்களைக் காட்டியபோது, “உங்களுக்கென்று ஒரு பாணி இல்லை” என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

இனி ஆயிலில் மட்டும் நிலைத்துவிடலாமா, வேலையை விட்டு ஓவியக் கல்லூரியில் சேரலாமா என்று கேட்கிறார். ஒரு ஹோம்ஸ்டே உரிமையாளர் ஆறு படங்களும் ஒரு சுவரோவியமும் 40,000 ரூபாய்க்குக் கேட்டிருப்பதை ஏற்கலாமா என்பதும், நீலகிரிப் பழங்குடியினரான குறும்பரின் ஓவியத்தைக் கற்று விற்கலாமா என்பதும் மற்ற இரண்டு கேள்விகள். ஏழு படங்களின் ஒளிப்படங்களையும் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றுக்கே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. “ஆயில் காயவே மாட்டேன் என்கிறது, இரவில் பின்னறையில் கரிச்சட்டி வைத்து, குளிருக்காகச் சன்னலைச் சாத்திவிட்டு வரைகிறேன், டர்பன்டைன் வாடைக்குத் தலை வலிக்கிறது” என்று கடிதத்தின் நடுவே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இதை இன்றே நிறுத்துங்கள். அந்தத் தலைவலிக்கு டர்பன்டைன் மட்டுமே காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று தொடங்கி, தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். கரி மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழாமல் போன செய்தியை நம் மலையில் குளிர்காலந்தோறும் கேட்கிறோம். ஆயில் துடைத்த துணியையும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். குவிந்து கிடக்கும் துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றும். துணியை வெளியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் உள்ள தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். கரிச்சட்டியை எடுத்த பிறகும் தலைவலி நீடித்தால் மருத்துவரிடம் இந்த விவரங்களையெல்லாம் சொல்லுங்கள்.

இதில் இன்னொரு தவறான எண்ணமும் ஒளிந்திருக்கிறது. தண்ணீர் ஆவியாகி வாட்டர் கலர் காய்வதைப்போல ஆயில் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதற்கு முக்கியமாக வேண்டியவை காற்றோட்டம், வெளிச்சம், பொறுமை ஆகிய மூன்றும். அடைத்த அறையில் நீங்கள் அனலை மூட்டியது படத்துக்கும் பெரிதாக உதவவில்லை.

நிலையின்மை எது

இனி உங்களைச் சுட்ட அந்தச் சொல்லுக்கு வருகிறேன். உங்கள் ஏழு படங்களையும் மேசையில் வரிசையாக வைத்து ஒரு மாலை முழுவதும் பார்த்தேன். வாட்டர் கலரில் இரண்டு, அக்ரிலிக்கில் இரண்டு, பேஸ்டலில் ஒன்று, ஆயிலில் இரண்டு. ஊடகம் நான்கு, ஆனால் ஏழிலும் மேல்பாதியில் மஞ்சு (மூடுபனி) இறங்குகிறது, கீழே தேயிலைச் சரிவு பாதியில் காணாமல் போகிறது, எங்கோ ஒரு சில்வர் ஓக் மரம் மட்டும் கழுத்துவரை மூழ்கி நிற்கிறது. பாணி இல்லை என்று சொன்னவர் ஒன்றிரண்டு படங்களை மட்டும் பார்த்திருக்க வேண்டும். மறைந்துகொண்டிருக்கும் ஒன்றை எப்படி வரைவது என்ற ஒரே கேள்வியை நீங்கள் பத்து ஆண்டுகளாக நான்கு பொருள்களிடம் கேட்டுவந்திருக்கிறீர்கள். இதை நிலையின்மை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்கள் கணவரின் அண்ணன் சொன்னதை முழுவதும் தள்ளிவிடவும் முடியவில்லை. படங்களின் பின்புறம் நீங்கள் குறித்திருக்கும் தேதிகளைப் பார்த்தால், ஒவ்வொரு ஊடகத்தையும் அது முதன்முறையாக முரண்டு பிடித்த இடத்தில் விட்டிருப்பது தெரிகிறது. வாட்டர் கலரில் அடர்ந்த பச்சை சேறானதும் அக்ரிலிக்குக்குப் போனீர்கள். அக்ரிலிக்கில் விளிம்புகள் கத்தியால் வெட்டியதைப்போல நின்றதும் பேஸ்டலுக்குப் போனீர்கள். போனது தவறில்லை, போகும்போது முந்தையதிலிருந்து எதைக் கையோடு எடுத்துப்போனீர்கள் என்பதுதான் கேள்வி. வாட்டர் கலரில் மஞ்சு என்பது நீங்கள் தொடாமல் விட்ட தாள். உங்கள் முதல் படத்தில் அது எவ்வளவு உயிரோடு இருக்கிறது! ஈரத்தாளில் சாம்பல் நிறத்தை ஒரு முறை இழுத்துவிட்டு, மேற்கொண்டு கை வைக்காமல் இருந்திருக்கிறீர்கள். அப்படி அடங்கியிருப்பதைக் கற்றுத் தரவே எனக்கு மாணவர்களிடம் ஆண்டுக்கணக்கில் ஆனது. உங்களுக்கு அது தானாகவே வந்திருக்கிறது. பேஸ்டலில் விரலால் தேய்த்து மரத்தின் விளிம்பைக் கரைத்திருக்கிறீர்கள். ஆனால் ஆயிலுக்கு வந்தவுடன் இந்த இரண்டையும் மறந்து, டைட்டானியம் வெள்ளையை டியூபிலிருந்து நேராக எடுத்துப் பூசியிருக்கிறீர்கள். மஞ்சு அங்கே சுண்ணாம்புச் சுவரைப்போலக் கனத்து நிற்கிறது.

நாளைக் காலை வேலைக்குப் போகுமுன் ஒன்று செய்து பாருங்கள். பள்ளத்தாக்கில் மஞ்சு நிற்கும்போது வெள்ளைத்தாள் ஒன்றின் துண்டைக் கை நீட்டிப் பிடித்து, அதன் பக்கத்தில் தெரியும் மஞ்சோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான நேரம் தாள்தான் வெளுப்பாக இருக்கும். மஞ்சு நீலமோ பழுப்போ கலந்த சாம்பலாக இருக்கும். சுற்றிலும் உள்ளவை அதைவிட இருண்டிருப்பதால் நம் மனம் அதை வெள்ளை என்று வாசித்துவிடுகிறது.

இதைக் கைக்குப் புரியவைக்க உங்களுக்கு வேண்டியது விலை உயர்ந்த ஆயில் டியூப் அல்ல, ஐம்பது ரூபாய்க் கரிக்கோல் (சார்கோல்)தான். ஒரு தாள் முழுவதையும் கரியால் நடுத்தரச் சாம்பலாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். சப்பாத்தி மாவைப்போலப் பிசையக்கூடிய புட்டி ரப்பரால் மஞ்சு இருக்கும் இடத்திலிருந்து கரியை ஒற்றி எடுங்கள். மரத்துக்கு மட்டும் கரியைக் கூட்டுங்கள். இருபது தாள்கள் இப்படிச் செய்த பிறகு ஆயிலுக்குத் திரும்புங்கள். கேன்வாஸில் முதலில் சாம்பல் தளம் போட்டு, அது இறுகிய பின், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் சற்றே வெளிறிய சாம்பலைத் தொட்டு, கீழுள்ள நிறம் ஊடே தெரியும்படி மெல்லத் தேயுங்கள். நீங்கள் வாட்டர் கலரில் கண்டதை ஆயில் அப்போது தன் வழியில் உங்களுக்குத் திருப்பித் தரும். ஊடகம் மாறுவதால் ஓவியர் வளர்கிறார் என்று நான் நம்புவது இந்த வகையில்தான்.

ஆயில் மேல்படி அல்ல

பென்சில் கீழ்ப்படி, வாட்டர் கலர் நடுப்படி, ஆயில் உச்சிப்படி என்று ஒரு மாடிப்படியை நீங்கள் மனத்தில் கட்டியிருக்கிறீர்கள். இது உங்கள் தவறு மட்டுமல்ல. கடைக்காரர்களும், விலைப்பட்டியலும், ஏன் எங்களைப்போன்ற ஆசிரியர்களும்கூட இதற்குக் காரணம். ஓவியர் மனோகர் தேவதாஸ் ஓவியக் கல்லூரியில் படித்தவரல்லர். வேதியியல் படித்து நிறுவனமொன்றில் வேலை பார்த்துக்கொண்டே, பார்வை படிப்படியாகக் குறுகிவந்த நிலையிலும், பேனாவையும் மையையும் கொண்டு மதுரையை வரைந்தவர். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கே.எம். ஆதிமூலம் 1960-களின் இறுதியில் காந்தியைக் கருப்புக் கோடுகளில் வரைந்து பெயர் பெற்று, பின்னாளில் ஆயில் வண்ணத்தில் உருவமற்ற பரப்புகளுக்குப் போனார். கே.சி.எஸ். பணிக்கரோ நிலக்காட்சி வாட்டர் கலரில் கைதேர்ந்திருந்தும் அதிலேயே தங்கிவிடாமல், 1960-களில் எழுத்தும் குறியீடும் கலந்த படங்களுக்கு வந்து சேர்ந்தார். ஒருவர் நின்றார், இருவர் நகர்ந்தார்கள். மூவரையும் ஒரே படிக்கட்டில் நிறுத்த முடியாது.

ஆகவே ஆயிலில் மட்டும் நிலைப்பதாக இப்போது சபதம் எடுக்க வேண்டாம். என் யோசனை இதுதான்: மழைக்காலம் முடியும்வரை ஆயிலை ஒதுக்கி வையுங்கள். கரிக்கோலும் வாட்டர் கலரும் போதும். அதன்பின் உங்கள் வீட்டு வாசலிலிருந்து தெரியும் அதே சரிவை, அதே அளவில், நான்கு ஊடகங்களிலும் வரையுங்கள். ஒவ்வொன்றிலும் எது முரண்டு பிடித்தது என்று கணக்குப் புத்தகத்தில் எழுதுவதைப்போல எழுதிவையுங்கள். அந்தப் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே உண்டு. கண்காட்சிக்கு அடுத்த முறை அனுப்பும்போது இந்த வரிசையைச் சேர்த்தே அனுப்புங்கள்.

மலைக்காற்றில் பொருள்கள்

“வாட்டர் கலர் எனக்குச் சரிப்படவில்லை, திட்டுத்திட்டாக உறிஞ்சிக்கொள்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தவறு கையில் இல்லை, தாளில் இருக்கிறது. நல்ல வாட்டர் கலர் தாளில் நிறம் உடனே உள்ளே இறங்காமலிருக்க ஒரு பசை ஏற்றியிருப்பார்கள். நம் மலை ஈரத்தில் ஓரிரு மழைக்காலம் திறந்து கிடந்தால் அந்தப் பசை கெட்டுவிடும். பிறகு அந்த இடங்களில் தாள் மையொற்றும் தாளைப்போலக் குடித்துவிடும். நானும் குன்னூரில் பணியாற்றிய நாட்களில் சேமித்து வாங்கிய கனமான (300 ஜிஎஸ்எம்) பருத்தித் தாள்கட்டு ஒன்றைத் தகரப் பெட்டியில் அடைத்துவிட்டு விடுமுறைக்குப் போய், திரும்பி வந்து பார்த்தபோது பழுப்புப் புள்ளிகளோடு பூஞ்சை வாடை அடித்தது. அன்றிலிருந்து தேவைக்கு மட்டும் வாங்கி, சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப்புகாத உறையில் வைக்கிறேன். முடிந்த படங்களை ஃபிரேம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடாதபடி இடையில் மவுண்ட் என்னும் அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். பேஸ்டலுக்கு இது இரட்டிப்பு அவசியம். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள்.

அக்ரிலிக்கில் உங்கள் டிசம்பர் படம் பொடிப்பொடியாக உதிர்வதற்கும் காரணம் இருக்கிறது. அக்ரிலிக் நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள்கள். நீர் போனதும் அவை ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து படலமாக வேண்டும். சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அந்தச் சேர்க்கை சரியாக நடப்பதில்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் அக்ரிலிக்கைத் தொடாமல், பகல் பதினொரு மணிக்கு மேல் வரையுங்கள். இன்னொன்று: அக்ரிலிக்கின் மேல் ஆயில் பூசலாம், ஆயிலின் மேல் அக்ரிலிக் பூசினால் பிடிக்காமல் உரிந்து வரும். உங்கள் ஏழாவது படத்தில் வானத்தை அப்படித்தான் திருத்தியிருக்கிறீர்கள் என்று ஐயப்படுகிறேன்.

ஹோம்ஸ்டே ஆர்டரும் உங்கள் உரிமையும்

“நான் வரைந்தது, எப்போதும் என்னுடையதுதானே” என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே கவனம் வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பொதுவாகப் படைத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் 17-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு: ஒருவர் பணம் தந்து கேட்டுக்கொண்டதன்பேரில் வரையப்பட்ட ஓவியத்துக்கு, வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாதபோது, கேட்டவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் ஆகிறார். அதாவது அந்த ஆறு படங்களையும் அவர் நாள்காட்டியாகவும் அஞ்சலட்டையாகவும் அச்சிட்டு விற்கலாம். நீங்கள் உங்கள் சொந்தப் படத்தை அச்சிட முடியாமல் போகலாம். மாறாக, நீங்கள் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கும் படத்தை அவர் வாங்கினால் அந்தத் தாளும் கேன்வாஸும்தான் அவருடையவை; பதிப்புரிமையை எழுத்துமூலம் கையெழுத்திட்டுத் தராதவரை அது உங்களிடமே இருக்கும்.

அச்சிடப் போவதாக அவரே சொல்லியிருப்பதால், முன்பணம் வாங்குவதற்கு முன்பே ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்கள்: பதிப்புரிமை உங்களுடையது, விடுதியில் மாட்டிக்கொள்ளலாம், அச்சிடுவதானால் தனித்தொகை, படத்தில் உங்கள் பெயர் இருக்கும். எழுதியதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள். நான் ஓவிய ஆசிரியன்தான். பதிப்புரிமை கைமாறினாலும் படைத்தவர் என்ற பெயருக்கும், தம் மதிப்புக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்ப்பதற்கும் 57-ஆம் பிரிவு உரிமை தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து அகற்றப்பட்டுச் சேதமான தம் வெண்கலச் சுவர்ச்சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005-இல் டெல்லி உயர்நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பித் தரவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது.

சுவரைத் தனி வேலையாகப் பிரித்து, தனி விலை சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளும் முன், இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலாபுறமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உட்புறம் நீர் முத்துக்கள் நின்றால் சுவரில் ஈரம் ஏறுகிறது என்று பொருள். அங்கே எதை வரைந்தாலும் உப்புப் பூத்து உரிந்துவிடும், பழி உங்கள்மேல் வரும்.

குறும்பர் ஓவியத்தைப் பற்றி

நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து வெள்ளரிக்கொம்பை தூரமில்லை. அங்குள்ள ஆலு குறும்பர்கள் பாறை ஓவிய மரபைத் தங்கள் முன்னோருடையதாகக் கருதுகிறார்கள். வேங்கை மரப் பிசின், இலைச்சாறு போன்றவற்றிலிருந்து நிறம் எடுக்கிறார்கள். அந்த நிறப்பொருள்களைக் கற்க நீங்கள் விரும்புவது நல்லது; வேங்கைப் பிசினின் பழுப்பு உங்கள் மஞ்சுக்கு அடியில் போடும் தளமாக எப்படி இருக்கும் என்று அறிய எனக்கே ஆவல். ஆனால் அவர்களுடைய தேன் எடுக்கும் காட்சியையும் மனித உருவங்களையும் எடுத்துக் கோப்பைகளில் வரைந்து, குறும்பர் ஓவியம் என்ற பெயரில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பது வேறு. “யாரும் கேட்க மாட்டார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள், கேட்காதது சம்மதமாகாது. நீலகிரியின் இன்னொரு பழங்குடியினரான தோடரின் எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு பெற வேண்டி வந்ததே, மற்றவர்கள் அந்தப் பெயரில் போலி செய்து விற்பதைத் தடுக்கத்தான். அங்குள்ள ஓவியர் ஒருவரிடம் உரிய கட்டணம் கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். கற்ற பொருளைக் கொண்டு உங்கள் சரிவையே வரையுங்கள்.

வேலையும் கல்லூரியும்

வேலையை விட வேண்டாம். கல்லூரிப் படிப்பு உங்களுக்குச் சக மாணவர்களையும், உயிருள்ள மாதிரியைப் பார்த்து வரையும் வாய்ப்பையும், ஓயாத விமர்சனத்தையும் தரும். இவை பெரிய பேறுகள்தாம். ஆனால் மகள் எட்டாம் வகுப்புக்குப் போகும் ஆண்டில், மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுச் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ போய் அவற்றைப் பெறும் நிலையில் நீங்கள் இல்லை. கணவரின் வருமானமும் சீசனை நம்பியது. விமர்சனத்துக்கு ஆள் வேண்டுமானால், ஊட்டியிலோ கோவையிலோ மாதம் ஒரு முறை கூடி வரையும் குழு ஒன்றைத் தேடிச் சேருங்கள். பாராட்டு மட்டும் கிடைக்கும் கைப்பேசிக் குழுக்களை நான் இதில் சேர்க்கவில்லை. கடந்த ஆண்டு ஆயிலுக்காக 11,000 ரூபாய் செலவிட்டதாகச் சொல்கிறீர்கள். இந்த ஆண்டு அதில் பாதியைத் தாளுக்கும், மீதியைக் கோவைப் பேருந்துக்கும் வையுங்கள்.

ஹோம்ஸ்டேக்காரர் உங்கள் முதல் வாட்டர் கலரையும் சேர்த்துக் கேட்கிறார் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதன் இடது மூலையில் பூஞ்சை தொடங்கியிருக்கிறது. விற்கும் தரத்தில் அது இல்லை. ஃபிரேமிலிருந்து எடுத்து, வெயிலில் வைக்காமல் நிழலில் காற்றாட உலர்த்தி, வேறு தாள்களோடு சேர்க்காமல் தனி உறையில் வையுங்கள். ஆயிலுக்குத் திரும்பும் நாளில் அதை, படத்தைத் தாங்கும் ஈசல் சட்டத்துக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வரையுங்கள்.